போகும்போது யாரும் பார்ப்பதில்லை

1

நான் இங்கிலாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு பதினைந்து வருஷம் முடிகிறது. ஐம்பத்தொன்றில் கப்பல் ஏறியவள். அத்தனை வருஷம் பிள்ளைப்பேறு வார்டில் நர்ஸாக உழைத்ததற்கு எங்கள் ஆஸ்பத்திரி எனக்கு ஒரு மரியாதை செய்திருக்கிறது. மாலை, சால்வை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு புது விதி.

இந்தியா, பாகிஸ்தான், ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், இந்த இடங்களுக்கு விடுப்பில் போய்த் திரும்பும் ஊழியர்கள் எல்லாரும் மூக்குக்குள் பஞ்சுக் குச்சி விட்டுச் சோதித்துக்கொள்ள வேண்டுமாம். முடிவு தெரியும்வரை வார்டுப் பக்கம் வரக் கூடாதாம். மருந்துக்கு மசியாத கிருமிகள் வெளிநாட்டிலிருந்து இந்த நாட்டுக்குள் நுழையும் அபாயத்தை மதிப்பிட ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி உட்கார்ந்து, தேநீர் குடித்து, பிஸ்கட் தின்று இந்த முடிவுக்கு வந்திருக்கிறது. கோடையில் ஸ்பெயினுக்குப் போய் முதுகு சிவக்கச் சிவக்க வெயிலில் கிடந்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த விதி கிடையாது.

எங்கள் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் அம்மாள் தாளை நீட்டி, "படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, நர்ஸ். நீதான் அடுத்து ஊருக்குப் போகிறவள்" என்றார். படித்தேன். "போட மாட்டேன்" என்றேன். பதினைந்து வருஷத்தில் இந்த ஆஸ்பத்திரியில் நான் உரக்கச் சொன்ன முதல் 'மாட்டேன்' அதுதான்.

ஊருக்குப் போக நான் ஏன் துடித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் தம்பி முருகேசன் பெண்டாட்டி ராசாத்திக்கு மாசம். மூத்தவன் பிறந்து பத்து வருஷமாகிறது. இடையில் ஒன்று தங்கவில்லை. இப்போதுதான் இது. "மதினி, இந்தத் தடவையும் நீங்க பக்கத்துல இருக்கணும்" என்று அவள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதியிருந்தான். 'இந்தத் தடவையும்' என்று அவள் சொன்னதை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. போன தடவை நான் பக்கத்தில் இருந்து அவளுக்கு நடந்தது அப்படி.

என் வீட்டுக்காரருக்குத் தொப்பம்பட்டி. இங்கே கம்பளி மில்லில் வேலை. சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்கும் மனுஷர். "ஏங் கண்ணு, ஒரு கையெழுத்துத்தானுங்களே, போட்டுப்போட்டு ஊருக்குப் போற வழியப் பாரேன்" என்றார். கோபத்தில் நான் இருக்கும்போது எனக்கும் 'ங்க' போட்டுப் பேசுவது அவர் வழக்கம்.

ஒன்பது வயது மகள் மீனா ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே, "நம்ம நாட்டுக்கு வியாதி வரக் கூடாதுன்னுதானேம்மா கேக்கறாங்க? அதுல என்ன தப்பு?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அவள் 'நம்ம நாடு' என்றது இந்த நாட்டை. கையெழுத்துப் போடச் சொன்னதைவிட அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

2

நான் இங்கே வந்து இறங்கிய நாளில் என் உடம்பில் சோதிக்காத இடம் இல்லை. அம்மை குத்திய அத்தாட்சியைத் துறைமுகத்தில் கேட்டார்கள். வேலையில் சேரும்போது நெஞ்சைப் படம் பிடித்தார்கள். தலையில் பேன் பார்த்தார்கள். மலத்தைக்கூட டப்பாவில் கேட்டார்கள். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கொடுத்தேன். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்து வந்தவள் என்பதால் இதெல்லாம் முறைதான் என்று எனக்கும் தெரியும்.

ஐந்து வருஷம் கழித்து, ஐம்பத்தாறில், முதல் விடுப்பில் ஊருக்குப் புறப்பட்டேன். அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் வார்டையே மூடிவிட்டிருந்தார்கள். பிறந்து நாலைந்து நாளான குழந்தைகளுக்கு தொடை இடுக்கிலும் அக்குளிலும் சீழ்க் கொப்புளம். தாய்மாருக்கு மார்பில் கட்டி. பெனிசிலின் ஊசி போட்டுப் போட்டு எங்கள் கை ஓய்ந்ததே தவிர, கிருமி ஓயவில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று அதற்கு நீளமாக ஒரு பெயர். சீழ்க் கிருமி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டில்களை வெளியே போட்டு, சுவரெல்லாம் கழுவிப் புது வர்ணம் அடித்து, மறுபடி வார்டைத் திறந்த வாரத்தில் எனக்கு விடுப்பு கிடைத்தது.

துறைமுகத்தில் ஓர் அதிகாரி என் பயணச் சீட்டைப் பார்த்தார். "நல்ல பயணம் அமையட்டும், நர்ஸ்" என்று தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். அவ்வளவுதான். எந்த வார்டிலிருந்து வருகிறாய், அங்கே என்ன வியாதி, யாரைப் பார்க்கப் போகிறாய் என்று ஒரு கேள்வி கிடையாது. உள்ளே வருகிறவளுக்குத்தான் கேள்வி. வெளியே போகிறவளுக்கு வாழ்த்து.

3

எங்கள் ஊர் அய்யலூருக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில். கிணற்றுப் பாசனம். கத்தரி, வெங்காயம், கொஞ்சம் பூ. நான் போய் இறங்கிய எட்டாம் நாள் ராசாத்திக்கு ஆண் குழந்தை பிறந்தது.

சேனை வைப்பது பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் சர்க்கரைத் தண்ணியைத் தொட்டு வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று, ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பெரியம்மா தானே வைக்க வேண்டும் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றார். முருகேசன் விடவில்லை.

"எங்க அக்கா சீமையில இருந்து வந்ததே இதுக்குத்தேன். அவதேன் வைக்கணும்."

"அவ குணம் வந்தா ஊரோட சண்டைதேன் போடுவான்," என்றார் பெரியம்மா.

"போடட்டுமே. யாரு வேணாமுன்னா?"

நான் சாதாரண அத்தையா? கார்பாலிக் சோப்புக் கட்டி கொண்டுபோயிருந்தேன். பிள்ளையைப் பார்க்க வந்தவர்களை எல்லாம் வாசலிலேயே நிறுத்தி, முழங்கை வரைக்கும் கழுவ வைத்துத்தான் உள்ளே விட்டேன். "சீமைக்காரி நிக்கிறாடி, சோப்பப் போட்டுட்டு வா" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிச் சிரித்தார்கள். தும்மிய ஒரு சித்தப்பாவைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவிட்டேன். பிறகு நானும் கழுவிக்கொண்டு வந்து, பிள்ளையை மடியில் வாங்கி, முகத்தோடு முகம் குனிந்து, அவன் நாக்கில் சேனை வைத்தேன். என் மூச்சுக்காற்று பட்டு அவன் கண்ணைச் சுருக்கினான். அவனை வாங்கிக்கொள்ளப் பெரியம்மா கை நீட்டியபோதும் நான் கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் பிள்ளைக்கு இடுக்கில் கொப்புளம். அடுத்த இரண்டு நாளில் ராசாத்திக்கு இடது மார்பு கல்லாக வீங்கி, குளிர் காய்ச்சல். திண்டுக்கல்லில் கம்பவுண்டர் ஒருவர் பெனிசிலின் போட்டார். ஊசி போட்டால் மறுநாளே எழுந்து வேலைக்குப் போகும் ஜனங்களைப் பார்த்துப் பழகியவர் அவர். மூன்றாம் ஊசிக்கும் காய்ச்சல் இறங்கவில்லை என்றதும், "இப்படி ஆகாதே" என்று மருந்துப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கொப்புளத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

வில்வண்டியில் தாயையும் பிள்ளையையும் போட்டுக்கொண்டு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா. ஒல்லி, நெற்றியில் சின்னக் குங்குமம், அதிகம் பேச மாட்டார். பிள்ளையைப் பார்த்தார், ராசாத்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க எந்த வார்டுல வேலை பாக்கறீங்க?"

"பிள்ளைப்பேறு வார்டு, டாக்டரம்மா."

"அங்க பிள்ளைகளுக்கு இதே மாதிரி கொப்புளம் வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா நான் கை கழுவாம இந்தப் பிள்ளையத் தொட்டதே இல்ல. ஊர்ச் சனத்தையே கழுவ வச்சேன்."

"கையில இல்லம்மா, மூக்குல இருக்கும். உங்களுக்கு ஒண்ணும் செய்யாது. நீங்க சும்மா சுமந்துக்கிட்டே இருப்பீங்க. கொஞ்சம் தலையத் தூக்குங்க."

பஞ்சுக் குச்சியை அவர் என் மூக்கில் விட்டார். என் மூக்கு, பிள்ளையின் கொப்புளம், ராசாத்தியின் கட்டி, மூன்றிலிருந்தும் எடுத்தது மதுரைக்குப் போனது. மூன்றிலும் பெனிசிலினுக்கு அடங்காத ஒரே சீழ்க் கிருமி என்று பதில் வந்தது. மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் இப்படி ஒன்றிரண்டு பார்த்திருப்பதாகவும், ஆஸ்பத்திரி வாசலே மிதிக்காத ஒரு வெங்காயக் காட்டு வீட்டுக்குள் இது வந்ததை முதல் தடவை பார்ப்பதாகவும் டாக்டரம்மா சொன்னார். பதில் வரும்வரை அவர் காத்திருக்கவும் இல்லை. ராசாத்தியின் கட்டியைக் கீறிச் சீழை எடுத்தார். பெனிசிலினை நிறுத்திவிட்டு, மதராஸிலிருந்து வேறு மருந்து வரவழைத்தார். இருவரையும் மற்ற நோயாளிகளிடமிருந்து தள்ளி ஒரு தனி அறையில் வைத்தார். பிள்ளைக்குக் காய்ச்சி ஆற்றிய ஆட்டுப்பால். அந்தப் பாலைக் குடிக்கத் தெரியாமல் அவன் துப்பித் துப்பி அழுதான்.

காய்ச்சல் விட்டு, பிள்ளைக்கும் கொப்புளம் வற்றிய அன்றைக்கு ராசாத்தி என்னைக் கூப்பிட்டாள். விஷயம் அவள் காதுக்குப் போய்விட்டிருந்தது.

"நீங்களா மதினி கொண்டாந்தீக?"

"ஆமா, ராசாத்தி."

"ஒங்களுக்கு யாரு குடுத்தா?"

"அங்க வார்டுல இருந்து வந்திருக்கும்."

"அவுகளக் கேட்டீகளா?"

"என்னன்னு கேக்க?"

"எம்பிள்ளைய ஏன் இப்படி ஆக்குனீகன்னு." மார்பில் கட்டோடு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "என்னையும் பிள்ளையையும் பாக்க வந்தவுகள நீங்க வாசல்ல நிறுத்திக் கேட்டீகள்ல? அப்படி அவுகளக் கேளுங்க."

அழ வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. அதற்குப் பிறகு தை மாதத்தில் என் கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளையோடு திரும்பினேன். ஊரே பலகாரம் கட்டிக் கொடுத்தது. டாக்டரம்மா தகர டப்பாவில் பஞ்சுக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் வைத்துக் கொடுத்தார். பிள்ளையின் கொப்புளத்திலிருந்து வளர்த்த கிருமி அதில் இருந்தது. "உங்க ஆய்வுக்கூடத்துல குடுங்க. அவங்க கிருமியான்னு அவங்களே பாக்கட்டும்" என்றார்.

4

நான் திரும்பியபோது வார்டில் மறுபடி கொப்புளம். நான் வந்த மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. "அவள் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறாள்." குழந்தைகளுக்கு நோய் தொடங்கியபோது நான் நடுக்கடலில் இருந்தேன். அதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

ஆய்வுக்கூடத்தில் ஹார்ப்பர் என்று ஒருவர். தாடியில் எப்போதும் பிஸ்கட் தூள். நான் கொடுத்த குழாயை வாங்கி, கிருமிக்கு எண் கண்டுபிடிக்கும் சோதனையைச் செய்தார். கிருமியையே அழிக்கும் நுண்ணுயிர்களைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எது எதற்குச் சாகிறது என்று பார்த்து ஓர் எண் கொடுப்பார்கள். ஒரே எண் என்றால் ஒரே குடும்பம். என் தம்பி மகனின் கிருமிக்கும் எங்கள் வார்டின் கிருமிக்கும் ஒரே எண். என் மூக்கில் எடுத்துப் பார்த்ததிலும் அதுவேதான்.

"அப்படியானால் நீதான் கொண்டுவந்திருக்கிறாய்" என்றார் அன்றைய மேட்ரன். இவருக்கு முன்னால் இருந்தவர்.

ஹார்ப்பர் தாடியைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பெண் பெட்டி கட்டுவதற்கு முன்பே இது இங்கே இருந்ததே, மேட்ரன். நாம் சுவருக்கு வர்ணம் அடித்தது எதற்காம்?" என்றார்.

அறிக்கையில் கடைசியில் என்ன வந்தது தெரியுமா? கிருமி எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, சமீபத்தில் இந்தியாவிலிருந்து திரும்பிய நர்ஸ் ஒருவரிடமும் அது காணப்பட்டது. பொய் ஒரு சொல் இல்லை. ஆனால் படிக்கிறவன் என் மேல்தான் விரலை நீட்டுவான். நான் மேட்ரனிடம் போய் மாற்றச் சொன்னேன். அறிக்கை அச்சாகிவிட்டது என்றார்கள். அச்சான பொய்யைவிட அச்சான அரை உண்மையை மாற்றுவது கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

5

இனி இந்த மாதத்துக் கதை. கையெழுத்துப் போட மறுத்ததால் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. தலைமையில் ஒரு டாக்டர், பக்கத்தில் மேட்ரன், நிர்வாகத்திலிருந்து கழுத்துப் பட்டை கட்டிய ஒருவர். ஹார்ப்பரும் ஓரத்தில் இருந்தார், தாடி நரைத்துப்போய்.

"சோதனைக்கு உங்களுக்கு என்ன ஆட்சேபம்?" என்றார் டாக்டர். நல்ல மனுஷர்தான், குரலில் மரியாதை இருந்தது.

"சோதனைக்கு ஆட்சேபம் இல்லை. திரும்பி வந்த பிறகு சோதிப்பதற்குத்தான். நான் போவதற்கு முன்னால் சோதியுங்கள்."

"அது எதற்கு?"

"என் தம்பி வீட்டில் பிறக்கப்போகும் குழந்தைக்கு நீங்கள் என்ன கொடுத்தனுப்புகிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்."

கழுத்துப் பட்டைக்காரர், "நாம் மதிப்பிடுவது இந்த நாட்டுக்கு நேரும் அபாயத்தை. வெளிநாட்டுக்கு நாம் பொறுப்பாளிகள் அல்ல" என்றார்.

"என் தம்பி மகனுக்கும் அவன் அம்மாவுக்கும் இந்த வார்டிலிருந்து போன கிருமிக்கு யார் பொறுப்பாளி? கப்பலா?" என்று கேட்டேன். என் இங்கிலீஷ் கோபத்தில் தடுமாறும். அன்றைக்குத் தடுமாறவில்லை. ஐம்பத்தாறில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். ராசாத்தியின் மார்பில் இன்றும் இருக்கும் தழும்பின் நீளத்தை விரலால் காட்டினேன். மேட்ரன் தலையைக் குனிந்துகொண்டார்.

போகிறவர்களைச் சோதிக்க விதியில் இடமில்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. விதி என்ன விதி? கூட்டம் முடிந்ததும் நேரே ஹார்ப்பரின் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் தூக்கிக் காட்டினேன். "எடுங்கள்" என்றேன். எடுத்தார்.

இருந்தது. பெனிசிலினுக்கு மட்டுமல்ல, அதற்குப் பதிலாக வந்த புது மருந்துக்கும் அடங்காதது. போன தடவையைவிடக் கெட்டிக்காரன் என்றார் ஹார்ப்பர். இதை மூக்கில் வைத்துக்கொண்டு நான் ராசாத்தி பிள்ளையின் முகத்தில் குனிந்திருப்பேன்.

உடனே மேட்ரன் கூப்பிட்டு, வார்டுக்கு வர வேண்டாம், வீட்டுக்குப் போ என்றார்.

"போகிறேன். ஆனால் நான் ஊருக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, மேட்ரன். இது எந்த ஊர்க் கிருமி என்று எழுதப் போகிறீர்கள்? நான் தனியாகப் போக மாட்டேன். வார்டில் எல்லார் மூக்கையும் பாருங்கள். டாக்டர்கள் மூக்கு உட்பட."

பார்த்தார்கள். பார்க்காமல் இருக்க அவர்களுக்கு வழி இல்லை. யார் யாருக்கு இருந்தது என்று எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் சாமான் எடுக்கப் போனபோது மேட்ரன் என் பக்கத்தில் வந்து நின்றார். மூக்கில் தடவ எனக்குக் கொடுத்திருந்த களிம்புக்கு ஒரு வாசனை உண்டு. அதே வாசனை அவரிடமும் வந்தது. விதித் தாளை 'மறுபரிசீலனைக்கு' என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கிடக்கட்டும்.

6

களிம்பு தடவி, கொதிநீரில் துணி துவைத்து, தலையணை உறை மாற்றி, ஒருவழியாகக் கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் மூக்கு சுத்தம் என்று ஹார்ப்பர் சொன்னார். வீட்டுக்காரர் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராசாத்திக்குப் பேறு காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அப்போதுதான் உறைத்தது. மீனாவும் என்னோடு வருகிறாள்.

அவளுக்கு வர இஷ்டமே இல்லை. பள்ளிக்கூட நாடகத்தில் அவளுக்கு ஒரு வேஷம் இருந்தது. பள்ளிக்கூட வாசலுக்குச் சேலையில் வர வேண்டாம், கோட்டுப் போட்டுக்கொண்டு வா என்று என்னிடம் சொல்லி ஒரு வருஷமாகிறது. அவளை ஹார்ப்பரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "எனக்கு எதுக்கு? நான் என்ன நர்ஸா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். ஹார்ப்பர் பிஸ்கட் கொடுத்து எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தோரணையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வார்டிலிருந்து கொண்டுவந்தது, கட்டிக்கொண்டு தூங்கும் பிள்ளைக்கு வராமல் இருக்குமா?

மீனா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "எனக்கா? அந்தக் கிருமியா?" என்றாள். பிறகு கோபத்தில் முகம் சிவக்க, "அது எப்படி முடியும்? நான் இந்தியாவுக்கே போனதில்லையே!" என்று கத்தினாள்.

அந்த வாக்கியத்தைக் காதால் கேட்கக் கமிட்டிக்கு வாய்க்காமல் போயிற்று. ஹார்ப்பர் களிம்புக் குப்பியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர், "நீ மட்டும் போயிட்டு வா கண்ணு, பிள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றார். மீனாவோடு ஒரே வீட்டில் இத்தனை நாள் இருந்துவிட்டுக் கப்பல் ஏறினால் நான் சுத்தம் என்று எப்படிச் சொல்வது? தனியாக எங்கே போய்த் தங்குவது? உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். பத்து வருஷமாகக் காத்திருந்த பிள்ளை நான் இல்லாமல்தான் பிறக்கும். ராசாத்தி வலியில் என்னைத் தேடுவாள். அதற்கு நான் என்ன சமாதானம் சொன்னாலும் என் மனசு கேட்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரணத்தை மறைக்காமல் தம்பிக்கு எழுதினேன். நல்ல ஆளாகப் பார்த்துச் சேனை வைக்கச் சொன்னேன்.

மறுநாள் மீனாவைக் கூட்டிக்கொண்டு கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போனேன், சீட்டை ரத்து செய்ய. வரிசையில் எங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் இருந்தார்கள். ஜன்னலுக்குள்ளிருந்த குமாஸ்தா பேனாவை எடுத்துக்கொண்டு, பயணத்தை ரத்து செய்யக் காரணம் என்ன என்றார். தொற்றுக் கிருமி என்றேன்.

"அடடா. இந்தியாவிலா? அங்கே எப்போதும் ஏதாவது ஒன்று" என்றார் அனுதாபத்தோடு.

நான் வாயைத் திறப்பதற்குள், மீனா கால் விரலில் எக்கி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வரிசை முழுவதும் கேட்கும்படி, அவளுடைய சுத்தமான பள்ளிக்கூட இங்கிலீஷில் சொன்னாள்: "இல்லை சார். இந்தியாவில் இல்லை, இங்கேதான். எங்கள் ஊரில் ஒரு குழந்தை பிறக்கப்போகிறது. உங்கள் கிருமி அங்கே போகாமல் நாங்கள் பிடித்து வைத்திருக்கிறோம்."

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.